கொல்லிமலைக்கு ஸ்போர்ட்ஸ் காரில்

கேள்வி: புதிதாக ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறேன். கொல்லிமலைக்கு ஓட்டிப்போக ஆசை. வளைவுகளில் எப்படி ஓட்டுவது?
– வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். திருச்சியிலிருந்து நாமக்கல் வழியாகப் போனால், காரவள்ளி அடிவாரத்துக்கு மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். காரின் வேகத்துக்கு அங்கே வேலையில்லை. பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும்தான் வேலை.

சாலை நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். திரும்பும்போது ஆக்ஸிலரேட்டரைச் சீராக மிதியுங்கள். பின்சக்கரங்களுக்கு விசை போகும் கார் என்றால், ஈரச் சாலையில் சட்டென்று மிதித்தால் பின்பக்கம் வழுக்கும். பந்தயத் தடத்தில் சாலையின் முழு அகலத்தையும் எடுத்து வளைவை அறுத்துப் போவார்கள். இங்கே அதை நினைக்கவே வேண்டாம். மறுபாதி எதிரே வருபவருடையது.

பேருந்து திரும்ப முழுச் சாலையும் வேண்டும். ஹாரன் கேட்டால் வளைவுக்குள் மூக்கை நுழைக்காமல், ஒரு வண்டி நீளம் தள்ளியே நில்லுங்கள். குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. இது மரியாதை மட்டுமல்ல, சாலை விதியும்கூட.

இறங்கும்போதும் இரண்டாவது கியரிலேயே வாருங்கள், எஞ்சினே வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கருகிய வாடை வந்ததுமே அகலமான இடத்தில் ஒதுங்கி ஆறவிடுங்கள்.

மலைக்காரர் ஒருவர் பைக்கில் பின்னாலேயே வந்தால், இண்டிகேட்டர் போட்டு வழிவிடுங்கள். அவருக்கு அது அன்றாடம் வீட்டுக்குப் போகும் வழி.