பழைய காரும் ஐந்து நட்சத்திரமும்

மாணவர்களே, நான்கைந்து ஆண்டு ஓடிய கார் ஒன்றை வாங்க உங்கள் வீட்டில் பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "இது 5 நட்சத்திரக் கார்" என்கிறார் விற்பவர். அதை மட்டும் நம்பி வாங்கலாமா?

ஆசியான் என்கேப் சோதனையில், புதிய கார் ஒன்று மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நசுங்கக்கூடிய தடுப்பின்மீது மோதவிடப்படும். முன்பக்கத்தின் 40 விழுக்காட்டுப் பகுதி மட்டுமே மோதும். உள்ளே அமர்த்தப்பட்ட பொம்மைகளின் உணர்விகள் தாக்கத்தை அளக்கும்.

காரின் முன்பகுதி ஏன் நசுங்க வேண்டும்? கணக்கிட்டுப் பாருங்கள். 64 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 17.8 மீட்டர். அதன் வர்க்கத்தை, நிற்கும் தூரத்தின் இருமடங்கால் வகுத்தால் எதிர்முடுக்கம் கிடைக்கும். 0.1 மீட்டரில் நின்றால் அது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ 160 மடங்கு. 0.6 மீட்டரில் நின்றால் 27 மடங்குதான். நசுங்கும் முன்பகுதி தரும் அந்த அரை மீட்டரே உயிரைக் காக்கிறது. இருக்கை வார் அணிந்தவருக்கே அந்தப் பயன் கிட்டும்.

நட்சத்திரம் சோதிக்கப்பட்ட ஆண்டையும் கேளுங்கள். 2021 முதல் மோட்டார் சைக்கிளோட்டிகளின் பாதுகாப்பும் மதிப்பீட்டில் சேர்ந்தது. ஆகவே பழைய 5 நட்சத்திரமும் புதிய 5 நட்சத்திரமும் ஒன்றல்ல.

மேலும், சோதிக்கப்பட்டது அதே ரகத்தின் புதிய கார். உங்கள் முன் நிற்கும் கார் எப்படி ஓடியது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

மோதிய காரா? ஒருமுறை நசுங்கி நிமிர்த்தப்பட்ட உலோகம் மறுமுறை அதேபோல் தாங்கும் என்று நம்ப முடியாது. கதவு இடைவெளிகள் சமமாக உள்ளனவா, மாற்றுச் சக்கரத்தின் அடித்தகட்டில் சுருக்கம் உள்ளதா என்று பாருங்கள்.

வெள்ளத்தில் மூழ்கியதா? இருக்கை வாரை முழுவதும் வெளியே இழுங்கள். சேற்றுக்கறை இருந்தால் விலகிவிடுங்கள். மின் இணைப்புகள் மெல்ல அரித்துப்போய், சில மாதங்களில் பழுது தொடங்கும்.

காற்றுப்பை சரியா? சாவியைத் திருப்பியதும் அதன் எச்சரிக்கை விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் ஐயப்படுங்கள். தக்காத்தா நிறுவனத்தின் சில காற்றுப்பைகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், நம் நாட்டைப் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிக்க இடங்களில் ஆண்டுக்கணக்கில் இருந்து கெட்டுப்போனது. விரியும்போது உலோகக் கலம் வெடித்துச் சிதறி உயிர்களைப் பறித்தது. காரின் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால், அது திரும்ப அழைக்கப்பட்டதா என்பதைத் தயாரிப்பாளர் சொல்வார். இலவசமாகவே மாற்றித் தருவார்.

பயிற்சி: வேகம் 128 கிலோமீட்டரானால், அதே 0.6 மீட்டரில் நிற்கும் காரின் எதிர்முடுக்கம் எத்தனை மடங்காகும்?