குண்டு எங்கே போய் நிற்கும்?

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய நில வரைபடம் வந்து சேர்ந்தது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அதை மேசையில் விரித்து, மகளின் பள்ளிப் பையிலிருந்து கவராயத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பென்சில்வேனியாவின் பெர்ரி கவுண்டியில் 12 ஏக்கர். சாலையோரம் 330 அடி அகலம், பின்னால் மலையடிவாரம் வரைக்கும் 1,584 அடி நீளம். நாடாவை அவிழ்த்துப் போட்டது போல ஒரு நிலம். "சொந்தமாகக் காடு வாங்கிவிட்டேன் அண்ணா, இந்த சீசனில் முதல் மான் என் மண்ணிலேயே" என்று எழுதியிருக்கிறாய். உன் மகிழ்ச்சி எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கவராயம் வேறொன்றைச் சொல்கிறது. அதைக் கேட்டுக்கொள்.

உன் நிலத்துக்கு இரண்டு பக்கமும் வீடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மையமாக வைத்து 150 கஜ ஆரத்தில் வட்டம் போட்டேன். பென்சில்வேனியாவில் ஆள் குடியிருக்கும் வீட்டைச் சுற்றி அவ்வளவு தூரத்துக்குள், அங்கே குடியிருப்பவரின் அனுமதி இல்லாமல் துப்பாக்கியோடு வேட்டையாடக் கூடாது. பயிற்சி வகுப்பில் படித்திருப்பாய். அந்த ஒரு வட்டத்தின் பரப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தாயா? பதினாலரை ஏக்கருக்கும் மேல். உன் நிலம் முழுவதையும்விடப் பெரியது. இரண்டு வீடுகளும் சாலையோரமாக இருப்பதால் உன் நிலத்தின் முன்பக்கம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக வட்டத்துக்குள் போய்விடுகிறது. பின்பக்கம் தப்பிக்கிறது.

அதோடு முடியவில்லை. செயற்கைக்கோள் படத்தையும் திறந்து பார்த்தேன். உன் நிலத்தின் கிழக்கு மூலைக்கு அப்பால், மரங்களுக்கு நடுவே ஒரு தகரக் கூரை தெரிகிறது. உன் வரைபடத்தில் அது இல்லை. நீ உன் வேலியோடு கோட்டை நிறுத்திவிட்டாய். உன் வரைபடத்தில் இருந்த அந்த வெற்றிடத்தைப் பார்த்துத்தான் இன்று இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நூற்றுக்கணக்கான ஏக்கர் பொதுக் காட்டில் ஒருவன் செய்யும் தவறைப் பல நேரம் காடே விழுங்கிவிடும். 12 ஏக்கரில் விழுங்க எதுவும் இல்லை. அதனால் சிறுநிலத்தில் வேட்டையாடுபவனுக்குத் தன் நிலத்தை அறிவதைவிட அடுத்தவர் நிலத்தை அறிவது முக்கியம். எந்தத் திசையில் சுடலாம், எந்தத் திசையில் எந்த நாளும் சுடக் கூடாது என்பதைத் துப்பாக்கியைத் தொடாத ஒரு நாளில், வெறுங்கையோடு நடந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். கொம்பு பெருத்த கிடா முன்னால் வந்து நிற்கும்போது நெஞ்சு காதுக்குள் அடிக்கும். அப்போது யோசிக்க முடியாது. யோசித்துவிட்டதாகத் தோன்றும், அவ்வளவுதான்.

என் கதையைச் சொல்கிறேன். வேட்டை தொடங்கிய இரண்டாவது வருஷம். நான் வேட்டையாடிய, பிலடெல்பியாவைச் சுற்றியுள்ள கவுண்டிகளில் மானுக்கு ரைஃபிள் அனுமதி இல்லை. ஷாட்கன், குழல்வாய் வழியே வெடிமருந்து கிட்டிக்கும் மஸ்ஸில்லோடர், வில், இவைதான். நண்பர் ஒருவரின் எட்டு ஏக்கர் சோளக்காட்டில் ஷாட்கனோடு நின்றிருந்தேன். அறுவடை முடிந்து டிசம்பர் குளிரில் மண் கல்லாகக் கிடந்தது. ஷாட்கனின் ஒற்றைக் கனக்குண்டை இங்கே ஸ்லக் என்பார்கள். ஸ்லக் கனமானது, சீக்கிரம் தரையில் விழுந்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். பெண் மான் ஒன்று வந்தது. சுட்டேன். தவறிவிட்டது. குண்டு போன வழியைப் பார்க்க நடந்தேன். உறைந்த மண்ணில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல். அதன் திசையிலேயே கண்ணை ஓட்டினால், முந்நூறு கஜத்துக்கும் அப்பால் பக்கத்து வீட்டு விறகுக் கொட்டகை. பலகையில் என் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை.

நானே போய்க் கதவைத் தட்டிச் சொன்னேன். அந்த மனிதர் என்னோடு வந்து ஓட்டையைப் பார்த்தார். திட்டவில்லை. திரும்பி நடந்து, முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை உள்ளே வரச் சொன்னார். அந்தக் குரல் இன்னும் எனக்குக் கேட்கிறது.

பல வருஷம் கழித்து ஓர் அறிக்கையைப் படித்தேன். மாநிலச் சட்டமன்றக் குழு ஒன்றுக்காகத் தயாரிக்கப்பட்டு 2007-இல் வெளிவந்தது. ரைஃபிளைவிட ஷாட்கன் ஆபத்துக் குறைந்ததா என்பதே கேள்வி. உயரத் தூக்கிச் சுட்டால் ரைஃபிள் குண்டு இரண்டரை மைலுக்கும் மேல் போகும், ஸ்லக் அந்த அளவு போகாது. ஆனால் தரைமட்டமாகச் சுட்டு, குண்டு மண்ணில் பட்டுத் தெறித்தால், ஸ்லக் ரைஃபிள் குண்டைவிடச் சற்றுக் கூடுதலாகவே போகிறது என்று கணக்கிட்டிருந்தார்கள். மெல்லிய ரைஃபிள் குண்டைவிட, கனத்த, மெதுவான குண்டு தெறிக்கும்போது தன் வேகத்தைக் குறைவாக இழக்கிறது. ஆகவே எந்தத் துப்பாக்கி என்று நீ கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: உன் கவுண்டியில் ரைஃபிளுக்கு அனுமதி உண்டு, கைக்குப் பழகியதை எடுத்துக்கொள். துப்பாக்கியை மாற்றினால் பாதுகாப்பு வந்துவிடும் என்று மட்டும் நினைக்காதே. பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்.

இனி கொஞ்சம் கணக்கு. சமதரையில் நின்று சுடுகிறாய் என்று வை. குழல்வாய் தரையிலிருந்து 5 அடி. மான் 50 கஜத்தில், அதன் நெஞ்சு 2 அடி உயரத்தில். குண்டு மானைத் தாண்டினால் இன்னும் முப்பது கஜத்துக்கு மேல் போய்த்தான் தரையைத் தொடும். தொடும் சாய்வு ஒரே ஒரு பாகை. ஏரியில் ஓட்டாஞ்சில்லு எறிந்திருப்பாய் அல்லவா, அப்படித்தான். இப்போது பரண்மேல் உட்கார்ந்து, குழல்வாய் 15 அடியில் இருக்கச் சுடு. குண்டு மானுக்குப் பின்னால் எட்டு கஜத்திலேயே மண்ணைத் தொடுகிறது, சாய்வு ஐந்து பாகை. அதே பரண், மான் 25 கஜத்தில் என்றால் பத்துப் பாகை. நல்லதுதான். ஆனாலும் பனியில் இறுகிய தரைக்குப் பத்துப் பாகையை நான் நம்புவதில்லை. உன் நிலத்தின் பின்கோடியில் மலை எழும்பும் இடத்தில் ஒரு மண்சரிவு இருக்கிறதே, அதுதான் நீ கொடுத்த விலைக்குக் கிடைத்த உண்மையான சொத்து. பரணை அந்தச் சரிவைப் பார்த்து வை. சரிவில் பாறை தெரியும் இடங்களைத் தள்ளிவிடு. மான் சரிவுக்கு மேலே ஏறி முகட்டில், வானத்தைப் பின்னணியாக வைத்து நின்றால், உனக்கு அது மான் இல்லை. அதற்குப் பின்னால் இருப்பது தகரக் கூரையோ சாலையோ, எதுவாகவும் இருக்கலாம்.

பரணில் உட்காரும்போது உன் இடப்பக்கமும் வலப்பக்கமும் கைப்பிடியில் சிவப்பு நாடா கட்டிவிடு. குழல் அந்த இரண்டு நாடாக்களுக்கு நடுவே மட்டும்தான் திரும்ப வேண்டும். நான் இன்றைக்கும் கட்டுகிறேன். இருபத்தைந்து கஜத்திலும் ஐம்பது கஜத்திலும் ஒவ்வொரு முளைக்குச்சி அடித்து வை. ஐம்பதுக்கு அப்பால் உன் நிலத்தில் உனக்கு வேலை இல்லை.

ஊரில் கடலைக்காட்டுப் பரணில் பன்றி விரட்ட ராத்திரி விழித்திருந்த பழக்கம் எனக்கு உண்டு. அந்தத் தைரியத்தை இங்கே கொண்டுவராதே. மரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் பலர் விழுகிறார்கள். காலைத் தரையிலிருந்து எடுக்கும் முன்பே உடம்பு முழுக்கப் போடும் பாதுகாப்புப் பட்டையை மரக்கயிற்றில் மாட்டிவிடு. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாதே. தோட்டாவை எடுத்துவிட்டு, கீழே வைத்து, மேலே போய்க் கயிற்றால் இழு, குழல்வாய் உன்னைப் பார்க்காதபடி. வேலி தாண்டும்போதும் அப்படியே, முதலில் தோட்டாவை எடு. விசையில் விரல் எப்போது, குழல் எப்போதும் எங்கே என்பதெல்லாம் வகுப்பில் மனப்பாடம் செய்திருப்பாய். திரும்பச் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1988 நவம்பர் 15, மெய்ன் மாநிலத்தில் ஹெர்மன் என்ற ஊர். புதிதாக வீடுகள் எழும்பிய பகுதி, பின்னால் மரங்கள். கைக்குழந்தைகளின் தாய் ஒருத்தி தன் வீட்டுக்குப் பின்னால் வந்து நின்றாள். கையில் வெள்ளைக் கையுறை. உனக்குத் தெரியும், இந்த ஊர் மான் மிரண்டால் வெள்ளை வாலைத் தூக்கிக் காட்டும். வேட்டைக்காரன் அந்த வெள்ளையை மான் என்று எடுத்துக்கொண்டான். அவள் இறந்துபோனாள். அவன் புதியவன் அல்ல, துப்பாக்கியில் ஸ்கோப்பும் இருந்தது. நடுவர் குழு அவனைக் குற்றவாளி இல்லை என்று விடுவித்தது. ஆரஞ்சு உடுப்புப் போடாமல் தன் வீட்டுக் கொல்லைக்கு வந்தது அவள் தவறு என்று பேசியவர்களும் இருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. சட்டப்படி தலை, நெஞ்சு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் ஆரஞ்சு உடுத்த வேண்டியது நீ. கொல்லைப்புறத்தில் துணி காயப்போடும் பெண் அல்ல. அந்தச் சாவுக்குப் பிறகு மெய்ன் மாநிலம் இலக்கை ஐயமின்றி அடையாளம் காண்பதை வேட்டைக்காரனின் சட்டக் கடமையாக்கியது.

இதிலிருந்து உனக்கு: வாலைப் பார்த்துச் சுடாதே, அசைவைப் பார்த்துச் சுடாதே, தழை சரசரப்பைக் கேட்டுத் துப்பாக்கியைத் தூக்காதே. எதையாவது உற்றுப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தில் தொங்கும் பைனாக்குலர் இருக்கிறது. ஸ்கோப் வழியாகப் பார்ப்பது என்றால் துப்பாக்கியை அதன்மேல் நீட்டுவது என்று அர்த்தம். மானின் முழு உருவமும், அதற்குப் பின்னால் மண்ணும் சேர்ந்து தெரியும்வரை காத்திரு. ஓடும் மானை விட்டுவிடு. நண்பர்களைக் கூட்டிவந்து மானைக் கலைத்து ஓட்டும் வேட்டை 12 ஏக்கரில் வேண்டவே வேண்டாம்.

சுட்ட பிறகு என்ன ஆகும் என்று நீ கேட்கவில்லை. புதியவர்கள் யாரும் கேட்பதில்லை. நுரையீரலில் சரியாகப் பட்ட மான்கூட நூறு கஜம் ஓடிவிட்டு விழுவது சாதாரணம். உன் நிலத்தின் அகலம் 110 கஜம். ஆக, மான் பக்கத்து நிலத்தில்தான் விழும் என்றே வைத்துக்கொள். அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது. அதைச் சுடுவதற்கு முன்பே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். பட்ட இடத்தில் ரத்தத்தைப் பார். நுரையோடு இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், அரை மணி நேரம் பொறு. பச்சையாக, நாற்றத்தோடு இருந்தால் குடல். அப்போது பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் துரத்தினால் இன்னும் மூன்று வேலிகள் தாண்டிப் போய் வேதனையோடு சாகும். அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை பார்க்கும்.

பிள்ளைகள் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2019 முதல் இங்கே ரைஃபிள் சீசன் நன்றி நவிலல் நாளுக்குப் பின்வரும் சனிக்கிழமையில் தொடங்குகிறது. பள்ளி விடுமுறை, ஊரிலிருந்து பேரன் பேத்திகள் வந்திருப்பார்கள், வழக்கமாக ஆளே இல்லாத தோட்டத்தில் அன்று பத்துப் பேர் இருப்பார்கள். அந்தக் காலை உன் அக்கம்பக்கத்தாருக்கு நீ பரணில் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். முன்பக்கத்து நிலத்துக்கு அவர்கள் அனுமதி கொடுத்தாலும் துப்பாக்கியோடு அங்கே போகாதே என்பது என் கருத்து. ஆசையாக இருந்தால் வில்லோ குறுக்குவில்லோ பழகு. அவற்றுக்கு வீட்டிலிருந்து 50 கஜம் தள்ளினால் போதும்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தாய். நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை என்றால் குற்றம், புள்ளிமானைத் தொட்டால் சிறை. அம்மா அதிர்ச்சியடைவது நியாயம். இந்த மாநிலத்தின் கதையைப் பொறுமையாகச் சொல். நூற்றிருபது வருஷத்துக்கு முன் இங்கே மான் ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது. 1895-இல் விலங்கு வாரியம் அமைத்து, 1906 முதல் வெளியிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டுத்தான் மீட்டார்கள். ஆனால் அவற்றைத் தின்ற ஓநாய் திரும்பவில்லை. இப்போது பல இடங்களில் மரக்கன்றுகள் தலையெடுக்கும் முன்பே மான்கள் மேய்ந்துவிடுகின்றன. இத்தனை மான், இந்தத் தேதிகளில், இந்த அட்டையோடு என்று கணக்கு வைத்து அனுமதிப்பது அதற்காகத்தான். கறியை வீணாக்காமல் வீட்டுக்குக் கொண்டுவருவாய் என்றும் சொல். வீட்டில் சின்னப் பிள்ளைகள் சாப்பிடுவதால் ஈயக் குண்டு வேண்டாம், செம்புக் குண்டு வாங்கு. ஆனால் செம்பு சிதறாமல் மானைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். மண்சரிவு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதுக்கு அங்கே இருப்பேன். சிவப்பு நாடாவும் முளைக்குச்சிகளும் நான் கொண்டுவருகிறேன். துப்பாக்கியை வெளியே எடுக்காதே. முதலில் அந்தத் தகரக் கூரை வீட்டுக்குப் போவோம். எந்தப் பாதையில் கார் போகும் என்று மட்டும் விசாரித்து வை. வீட்டில் முறுக்கு சுட்டிருந்தால் மூன்று டப்பா எடுத்து வை, மூன்று வீடுகள் இருக்கின்றன.

அன்புடன்,
அண்ணன்