பந்து இல்லாதபோது அவன் என்ன செய்தான்?

அன்புள்ள தம்பிக்கு,

கோவில்பட்டி பையனைப் பற்றிய உன் கட்டுரையைப் படித்தேன். ஆட்டம் முடிந்த கையோடு, சூடு ஆறுவதற்குள் எழுதியிருக்கிறாய் என்பது வரிக்கு வரி தெரிகிறது. அந்தப் பரவசத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பதினேழு வயதில் ஒருவன் அப்படி ஆடுவதைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகிறவன் ஹாக்கி எழுத வேண்டியதில்லை. ஆனால் நம் பத்திரிகைகளில் ஹாக்கிக்கு அரைப்பக்கம் கிடைப்பதே அபூர்வம். கிடைத்த அரைப்பக்கத்தை நீ செலவழித்த விதத்தில்தான் எனக்குக் கோபம்.

முதல் ஆறு பத்தியும் அவன் வீடு. தகரக் கூரை, தீப்பெட்டி ஆலைக்குப் போகும் அம்மா, கடன் சொல்லி வாங்கிய ஸ்டிக். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அன்று அந்தத் தளத்தில் ஆடிய மற்றப் பையன்களின் வீடுகளுக்கும் போய்ப் பார்த்தாயா? அவன் யாரைத் தாண்டி கோல் போட்டானோ, அந்த கோல்கீப்பரின் அம்மாவும் அதே ஆலைக்குப் போகிறவராக இருக்கலாம். அந்த ஊரில் வறுமை பலருக்கும் பொது. அவனுக்கென்று தனியாக இருப்பது அவன் ஆட்டம் மட்டும்தான். அதை நீ ஏழாவது பத்திவரை வாசலில் நிறுத்திவிட்டாய். 2022 ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரனும் அரியலூர் கார்த்தியும் இடம்பிடித்தபோதும் இதேதான் நடந்தது. இருவரின் குடும்பக் கஷ்டத்தையும் பக்கம் பக்கமாகப் படித்தேன். பந்து வாங்க மாரீஸ்வரன் எந்தப் பக்கம் நகர்வார், டிஃபெண்டர் நெருங்கினால் கார்த்தி என்ன செய்வார் என்று எழுதிய ஒருவரும் என் கண்ணில் படவில்லை. அந்தப் பையன்கள் ஆட்டக்காரர்கள் தம்பி. அவர்களை ஆட்டக்காரர்களாக எழுது.

இன்னொன்று. ‘அடுத்த தன்ராஜ் பிள்ளை’ என்று தலைப்பில் ஒரு முறை, உள்ளே இரண்டு முறை. இந்த ‘அடுத்த’ என்ற சொல்லை விளையாட்டுப் பக்கங்களிலிருந்து எடுத்துவிட எனக்கு அதிகாரம் இருந்தால் இன்றே எடுத்துவிடுவேன். தன்ராஜ் நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு சாம்பியன்ஸ் டிராபி, நான்கு ஆசிய விளையாட்டு ஆடியவர். 1998இல் பாங்காக்கில் ஆசியத் தங்கம் வென்ற அணிக்குக் கேப்டன். அவ்வளவு ஆடியும் ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட இல்லாமல் விடைபெற்றார். இத்தனையையும் தூக்கி, இன்னும் விளையாட்டு விடுதி மணிக்கு எழுந்திருக்கிற பையன் தலையில் வைக்கிறாய். கார்த்தியையே எடுத்துக்கொள். முதல் சர்வதேச ஆட்டமே அந்த ஆசியக் கோப்பையில், ஜகார்த்தாவில், பாகிஸ்தானுக்கு எதிராக. அதில் முதல் கால்பகுதியிலேயே கோல். மறு ஆண்டு சென்னை எழும்பூரில், நம் கூட்டத்துக்கு முன்னால், மலேசியாவுக்கு எதிராகவும் கோல் போட்டார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் அணியில் அவருக்கு இடமில்லை. மேலே அவ்வளவு நெரிசல். உன் பையன் இன்னும் அந்தப் படிக்கட்டின் அடியில்கூட வந்து நிற்கவில்லை.

தன்ராஜ் என்று எழுதிவிட்டாய், அதனால் அவரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1996இல் சாம்பியன்ஸ் டிராபி எழும்பூர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் நடந்தது. அவர் ஸ்டிக்கில் பந்து பட்டால் போதும், கேலரி முழுக்க எழுந்து நிற்கும், நானும் நிற்பேன். பக்கத்தில் ஓய்வுபெற்ற கோச் ஒருவர், தெற்கத்திக்காரர், எழுந்திருக்கவே மாட்டார். “பந்து அந்தப் பக்கம் போனதும் இவனைப் பாரும் வே” என்றார். பார்த்தேன். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது தன்ராஜ் ஆட்டத்தோடு சம்பந்தமே இல்லாதவர் போல நடந்துகொண்டிருந்தார். காவலுக்கு நின்ற டிஃபெண்டர் ஒரு கணம் தலையைத் திருப்பினார். திரும்பவும் பார்ப்பதற்குள் தன்ராஜ் ஐந்து கஜம் தள்ளி, பந்து வரப்போகிற இடத்தில் இருந்தார். கூட்டம் கைதட்டியது அதற்குப் பிறகு நடந்த ஓட்டத்துக்கு.

அதே கோச் தன் பையன்களுக்குப் பந்தை மரத்தடியில் வைத்துவிட்டுப் பயிற்சி கொடுத்தவர். கரிசல் தரையில், வெறும் ஸ்டிக்கோடு, அவர் குரல் கேட்ட திசைக்கு நகர வேண்டும். நின்றால் திட்டு. அப்போது எனக்கு அது விளங்கவில்லை என்றாலும் பின்னால் ஒவ்வொரு ஆட்டமும் விளக்கியது. அறுபது நிமிட ஆட்டத்தில் ஒரு ஃபார்வர்டின் ஸ்டிக்கில் பந்து இருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார், சில நிமிடங்கள்கூடத் தேறாது. மிச்ச நேரமெல்லாம் அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் அவன் யார் என்பது இருக்கிறது. 1990களில் ஆஃப்சைடு விதி போன பிறகு இது இன்னும் கூடிவிட்டது. எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்றானபின், எங்கே நிற்பது என்று தெரிந்தவன்தான் பெரிய ஃபார்வர்டு. பந்தைத் தொலைத்ததும் இடுப்பில் கை வைத்து நிற்கிறானா, திரும்பி ஓடி டேக்கிள் போடுகிறானா என்பதைக்கூட உன் கட்டுரை சொல்லவில்லை.

இவ்வளவு திட்டிவிட்டேன். ஆனால் அந்தப் பதினோராவது பத்தி! பாஸ் கிளம்புவதற்கு முன்பே பையன் ஒரு முறை தோளுக்குப் பின்னால் பார்த்தான், டிஃபெண்டரை முன்னே போகவிட்டு ஓரடி பின்வாங்கினான், பந்து வந்தபோது உடம்பு ஏற்கெனவே கோல் பக்கம் திரும்பியிருந்தது என்று எழுதியிருக்கிறாயே, அதை வீட்டில் சத்தம் போட்டு வாசித்துக் காட்டினேன். தமிழில் ஹாக்கியை இவ்வளவு துல்லியமாகக் கண்ட ஒரு பத்தியை நான் வேறெங்கும் படித்ததில்லை. அந்த ஓரடியைப் பார்க்க முடிந்தவனுக்குத் தகரக் கூரையும் தன்ராஜும் எதற்கு? மைதானத்தில் இருந்த எல்லோரும் கோலைப் பார்த்தார்கள். நீ பின்வாங்கிய காலைப் பார்த்திருக்கிறாய்.

பையனின் பெயரை இந்தக் கடிதத்தில் நான் எழுதவில்லை, வேண்டுமென்றேதான். அவன் ஆடட்டும். அடுத்த ஆட்டத்துக்கு நீ போகும்போது கேலரி நடுவில் உட்காராதே, கோலுக்குப் பின்னால் போய் நில். முதல் கால்பகுதி முழுக்கப் பந்தை மறந்துவிட்டு அவனை மட்டும் பார். பார்த்ததை அப்படியே எழுது. பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் எனக்கு அனுப்பு.