கம்பனி என்னும் ஆள்

1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர் ஒரு வணிகக் கம்பனியின் ஆட்களே. கம்பனி என்பதோ உடலில்லா ஆள். சட்டம் ஈன்ற பிள்ளை. ஈன்ற நாட்டின் எல்லையைக் கடந்தால் அப்பிள்ளைக்கு உயிருண்டோ? ஒல்லாந்தரின் மற்றொரு கம்பனியாகிய மேற்கிந்தியக் கம்பனி ஆங்கில மன்றில் வழக்குத் தொடுத்தபோது இவ்வினா எழுந்தது. பிறநாட்டுக் கம்பனியும் வழக்காடலாம் என 1728இல் தீர்ப்பாயிற்று.

எனினும், கம்பனி பிறர்மீது தொடுப்பதினும் பிறர் அதன்மீது தொடுப்பதே நம்மனோர்க்கு வேண்டுவது என்பது எம் கருத்து. பிறநாட்டுக் கம்பனி இலங்கையில் தொழிலிடம் அமைப்பின், ஒரு மாதத்துள் தன் அமைப்புப் பத்திரங்களையும், அழைப்பாணையை ஏற்றற்கு இங்கு வதியும் ஒருவரின் பெயரையும் கம்பனிப் பதிவாளரிடம் அளித்தல் வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம். கல்முனை வணிகர் ஏமாற்றப்படின் அவரிடமே அழைப்பாணையைச் சேர்ப்பிக்கலாம்.

தொழிலிடமின்றிக் கடலுக்கப்பாலிருந்து சரக்கனுப்புங் கம்பனியோ இவ்விதியுள் அடங்காது. அதற்கு முற்பணம் அனுப்பியவர், மன்றை வேண்டிக் கட்டளை பெற்று, அயல்நாட்டுக்கே அழைப்பாணையைப் போக்குதல் வேண்டும்.