இரு முனையிலும் முட்டும் சாலை

பூந்தமல்லி–ஆவடி சாலையை நம்பி வீடு பார்க்கிறீர்களா? தரகர் சொல்லும் கிலோமீட்டரை விடுங்கள். வேலைக்குப் போகும் வழியில் எத்தனை இடத்தில் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். பருத்திப்பட்டில் நின்றுகொண்டு, கரையான்சாவடி இதோ பக்கம்தான் என்பார். பக்கம்தான். அந்தச் சந்திப்பைத் தாண்டுவது தனிக் கணக்கு, அதை அவர் வாயே திறக்க மாட்டார்.

இந்தச் சாலை வடக்கே ஆவடியில் சி.டி.எச். ரோட்டில், அதாவது சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையில், போய் முட்டுகிறது. தெற்கே கரையான்சாவடியில் டிரங்க் ரோட்டில் முட்டுகிறது. இரண்டு முனையிலும் நேரே போக வழி கிடையாது, எல்லா வண்டியும் திரும்பியே ஆகவேண்டும். ஆவடியில் அம்பத்தூர் போகிறவரும், கரையான்சாவடியில் பூந்தமல்லி போகிறவரும் எதிர்வரும் வண்டிகளை வெட்டிக்கொண்டு வலப்பக்கம் திரும்ப வேண்டும். அவர் காத்திருக்கும்போது, சும்மா இடப்பக்கம் ஒடித்துப் போகவேண்டியவரும் அவர் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறார். மிச்சமிருக்கும் ஓரத்தையும் ஷேர் ஆட்டோ பிடித்துக்கொள்கிறது. குன்றத்தூர் போகிறவர் பாடு இன்னும் மோசம்: கரையான்சாவடியில் இடது, கொஞ்ச தூரத்திலேயே குமணன்சாவடியில் வலது.

இது ஏதோ தற்செயல் இல்லை. மேற்குப் புறநகரின் பெரிய வழிகளெல்லாம் சென்னையிலிருந்து மேற்கே போகப் போட்டவை: அரக்கோணம் ரயில் பாதை, சி.டி.எச். ரோடு, பெங்களூரு நெடுஞ்சாலை, டிரங்க் ரோடு. வடக்கு தெற்காகப் போக நினைத்துக் கட்டியவை சென்னை பைபாஸும் வெளிவட்டச் சாலையும்தான். நடுவில் கூவம் வேறு. காடுவெட்டி மாதிரிப் பாலம் இருக்கும் இடத்தில்தான் கடக்க முடியும். ஊர்களை இணைத்த பழைய சாலை, இரண்டு பெரிய வழிகளுக்கு நடுவே ஏணிப்படி மாதிரி மாட்டிக்கொண்டு இன்று எல்லாச் சுமையையும் தாங்குகிறது.

அகலப்படுத்தினால் சரியாகிவிடும் என்பார்கள். நடுவில் எவ்வளவு அகலப்படுத்தினாலும் முனையில் சிக்னல் விடுவது அதே அளவு வண்டியைத்தான். வரிசை குட்டையாகத் தெரியும், குண்டாகிவிடும். இடப்பக்கம் திரும்ப ஒரு தடத்தை ஒதுக்கி, ஷேர் ஆட்டோவையும் பஸ் நிறுத்தத்தையும் முனையிலிருந்து தள்ளி வைத்தாலே பாதிப் பாரம் குறையும். மெட்ரோ? கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி பாதையும் கிழக்கு மேற்குதான். ஆவடிக்காரர் அதில் ஏறவே கரையான்சாவடி வரை இதே சாலையில் வந்தாக வேண்டும். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை சுமார் 62 கிலோமீட்டர், நல்ல சாலை, மறுக்கவில்லை. ஆனால் அது பட்டாபிராம், திருநின்றவூர்க்காரருக்குத்தான் வாசல். பருத்திப்பட்டுக்காரர் மேற்கே போய் ஏறி, சுங்கமும் கட்டவேண்டும். அப்படியும் குன்றத்தூருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் போகிறவர் ஆவடிப் பக்கமே தலை வைக்க வேண்டாம். பெங்களூரு நெடுஞ்சாலையில் வானகரம் போய், அம்பத்தூர் சாலையில் இடது திரும்புங்கள். சிக்னலில் நின்றே எரியும் பெட்ரோலாவது மிச்சம். அதுவும் குறுகல் சாலைதான். பள்ளி வேன்கள் வருகிற நேரத்தில் மட்டும் அயனம்பாக்கம் பக்கம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.