ஊற்று வற்றாதிருக்க: ஆசிரிய அழைத்தலும் ஆசிரியரின் உள்வாழ்வும்



அப்புத்தளைத் தோட்டங்களில் வாழ்வோருக்குப் பீலித் தண்ணீரைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மலையிலே ஊற்றுக்கண் திறந்திருக்கும் வரை பீலியிலே தண்ணீர் விழும். கண் அடைபட்டால், பீலியை எத்தனை தரம் துடைத்து வைத்தாலும் குடம் நிறையாது. இவ்வாரம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட ஆசிரிய அழைத்தலும் இத்தகையதே.

ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்தபின் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் என்னைக் காண வந்தார். நெடுங்காலம் சேவை செய்தவர். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

"சுவாமி, வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளையை அடித்துவிட்டேன். வகுப்பிலே தூங்கினான். தாய் விடியவே பிரட்டுக்குப் போகிறவள். தங்கச்சியைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுத்தான் அவன் பள்ளிக்கு வருகிறான். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அடித்தேன். கோபம்கூட இல்லை, சுவாமி. உள்ளே ஒன்றுமே இல்லை" என்றார்.

"உள்ளே ஒன்றுமே இல்லை." இவ்வார்த்தையே இன்றைய பாடத்தின் தொடக்கம்.

தொழிலா, அழைத்தலா?

1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்து கொடுக்கும் கடமையைத் தோட்டத் துரைமார் மீது சுமத்தியது. ஆயினும், நடைமுறையில் பல தோட்டங்களுக்குக் கிடைத்தவை ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் மட்டுமே. 1945இல் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்த பின்னரும் தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் ஒதுங்கியே நின்றன. 1970களில்தான் அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அந்த இடைக்காலத்தில் ஒரே அறையில் ஐந்து வகுப்புகளையும் நடத்தி, மாலையில் லயத்து மக்களுக்குக் கடிதம் வாசித்து, மனு எழுதிக் கொடுத்தவர்கள் நம் ஆசிரியர்கள். சம்பளக் கணக்கில் இச்சேவை எழுதப்படவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1965 அக்டோபர் 28ஆம் நாள் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில், ஆசிரியப் பணியை ஓர் அழைத்தல் என்றே குறிப்பிடுகிறது. அது அழகானது, அதே வேளையில் பாரமானது. அதற்கு அறிவின் ஆயத்தம் மட்டுமன்றி இதயத்தின் சிறப்புப் பண்புகளும், இடைவிடாது தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும் மனமும் வேண்டும் என்று சங்கத் தந்தையர் கற்பிக்கின்றனர்.

குருத்துவத்துக்கு அழைக்கப்பட்டவனுக்குச் செபமும் ஓய்வும் தியானமும் தேவை என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆசிரியரும் அழைக்கப்பட்டவரே என்றால், அவருடைய உள்வாழ்வைப் பற்றி நாம் ஏன் கேட்பதில்லை?

குற்றமும் களைப்பும்

அந்த ஆசிரியை செய்தது தவறு. பிள்ளையை அடித்ததற்கு நியாயம் கிடையாது. அதை அவரே அறிந்திருந்தார். ஆனால், தவறு வேறு, அதற்கு வழிவிட்ட களைப்பு வேறு. தவறுக்கு மனஸ்தாபம் வேண்டும். களைப்புக்கோ ஆறுதலும் பராமரிப்பும் வேண்டும்.

அரசர் முதலாம் நூலின் 19ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். இறைவாக்கினர் எலியா பாலைநிலத்தில் ஒரு செடியின் கீழே உட்கார்ந்து, இனிப் போதும், உயிரை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடுகிறார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. வானதூதர் அவரைத் தொட்டு எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறார். மறுபடியும் உறங்க விடுகிறார். மறுபடியும் உணவு கொடுக்கிறார். அதன் பின்னரே ஓரேபு மலையில் ஆண்டவருடைய மெல்லிய குரலை எலியா கேட்கிறார். உடலின் களைப்பை அறியாதவர் அல்லர் நம் ஆண்டவர்.

ஆசிரியரின் உள்ளம் ஒரே நாளில் வற்றிப் போவதில்லை. முதலில் பிள்ளைகளின் பெயர்கள் மறந்து, வரிசை இலக்கங்கள் மட்டும் நினைவில் நிற்கும். பிறகு சிரிப்புக் குறையும். செபம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடமாக மட்டும் மிஞ்சும். கடைசியில் கை ஓங்கும். இவ்வடையாளங்களைக் காண்பவர் வெட்கப்பட வேண்டாம், உதவி கேட்கட்டும்.

ஆண்டவர் காட்டும் வழி

போதகராகிய இயேசு விடியுமுன் எழுந்து தனித்த இடத்துக்குச் சென்று செபித்தார் என மாற்கு முதலாம் அதிகாரத்தில் எழுதுகிறார். ஆறாம் அதிகாரத்தில், போதித்துக் களைத்துத் திரும்பிய திருத்தூதர்களை ஆண்டவர் தனிமையான இடத்துக்கு அழைத்து ஓய்வெடுக்கச் சொல்கிறார். உண்பதற்கும் அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. அங்கேயும் கூட்டம் வந்து சேர்கிறது. ஆயனில்லா ஆடுகளைப் போலிருந்த அவர்கள் மீது இரங்கி, ஆண்டவர் மீண்டும் போதிக்கத் தொடங்குகிறார். அவருடைய போதனை இரக்கத்திலிருந்து பிறந்தது. அந்த இரக்கம் தந்தையோடு செலவிட்ட தனிமையிலே ஊறியது.

ஆசிரியர்களின் பாதுகாவலர் என்று 1950இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்த புனித டி லா சால் இதை நன்கு அறிந்திருந்தார். பிரான்சு நாட்டு ஏழைச் சிறுவருக்காகப் பாடசாலைகளை நடத்திய அவர், பாடம் நடக்கும்போதே ஒவ்வொரு மணிக்கும் அரை மணிக்கும் சற்று நிறுத்தி இறைப்பிரசன்னத்தை நினைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார். மாணவரைப் போலவே ஆசிரியருக்கும் அது மூச்சு விடும் நேரம்.

நம் அப்புத்தளையிலேயே ஓர் அடையாளம் உண்டு. 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் தமக்கென்று கட்டிய அடிஷாம் மாளிகை, 1960களிலிருந்து ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடமாக விளங்குகிறது. அச்சபையின் தந்தையான புனித ஆசீர்வாதப்பர் துறவு மடத்தை ஒரு பாடசாலை என்றே அழைத்தார். அங்கே செபத்துக்கும் வேலைக்கும் உரிய நேரங்கள் உண்டு; வேலை செபத்தை விழுங்க விடுவதில்லை.

நாம் செய்யக்கூடியவை

ஆசிரியர்களுக்கு: காலையில் வகுப்புக் கதவைத் திறக்குமுன் ஒரு நிமிடம் நின்று, அன்று உங்களுக்குக் கடினமாயிருக்கும் பிள்ளையின் பெயரை ஆண்டவரிடம் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரத்தை எவருக்கும் கொடாமல் காத்துக்கொள்ளுங்கள். மனத்தைத் திறந்து பேச ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு: பிள்ளையின் முன்னிலையில் ஆசிரியரை இழிவாகப் பேசாதீர்கள். குறை இருந்தால் நேரில் சென்று மரியாதையோடு சொல்லுங்கள். குறை சொல்ல மட்டுமன்றி நன்றி சொல்லவும் பாடசாலைப் படி ஏறுங்கள். தூர இடத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் ஆசிரியரைப் பெருநாளிலே உங்கள் வீட்டுப் பந்திக்கு அழையுங்கள்.

பங்குகளுக்கு: இங்கே நான் என்னையும் குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டும். அந்த ஆசிரியை ஐந்து நாளும் பாடசாலையில் கற்பித்துவிட்டு, ஞாயிறு மறைக்கல்வி வகுப்பையும் ஆண்டுக்கணக்காய் நடத்தி வந்தார். அதை அவர் தலையில் வைத்தவன் நானே. "டீச்சர் இருக்கிறார்தானே" என்று இருந்துவிட்டேன். அவர் வந்து பேசிய பிறகு இரண்டு தாய்மார் முன்வந்து மூன்று மாதத்துக்கு அவ்வகுப்பைப் பொறுப்பேற்றனர்.

திங்கட்கிழமை அவர் அந்தப் பையனின் பக்கத்தில் குனிந்து, "டீச்சர் செய்தது பிழை, மன்னித்துக்கொள்" என்றாராம். அவன் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "டீச்சருக்கும் தூக்கமா?" என்று கேட்டானாம். இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டு நாளாகியிருந்தது.

குடும்பமாகக் கலந்துரையாட

1. நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியரின் பெயரைச் சொல்லிக் குடும்பச் செபத்தில் மன்றாடுகிறோமா?

2. நமக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் ஒருவர் இன்னும் உயிரோடிருந்தால், அவரைக் கடைசியாகப் போய்ப் பார்த்தது எப்போது?

3. நம் பங்கில் ஒருவரே சுமக்கும் பாரம் எது? அதில் ஒரு பங்கை நாம் எடுத்துக்கொள்ள முடியுமா?