எங்க விழுந்தேன்னு மறைக்காம சொல்லு, தங்கச்சி!

சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போனா, கட்டுப் போடறதுக்கு முன்னாடியே ஒரு கேள்வி வரும்: "எங்கம்மா விழுந்தே? எப்படி விழுந்தே?" நீ சொல்ற பதில் விபத்துப் பதிவேட்டுல, அதான் ஏ.ஆர். புக்குல, ஏறிடும். அப்புறம் லேபர் ஆபீஸ் போனாலும் கோர்ட்டுக்குப் போனாலும் முதல்ல கேக்கப்போறது அந்தப் பக்கத்தோட காப்பியைத்தான்.

நம்ம பக்கத்துல நடக்கிற கூத்து உனக்கே தெரியும். குடோன்ல எண்ணெய் சிந்தின தரையில ஒருத்தி வழுக்கி விழுவா. கூட வர்ற சூப்பர்வைசர் ஆட்டோவுலயே ஓதுவான்: "வீட்டு பாத்ரூம்ல விழுந்துட்டேன்னு சொல்லிடும்மா. இல்லேன்னா போலீஸ் கேஸ் ஆயிடும். செலவை நாங்க பாத்துக்கறோம்." அவளும் நம்பிச் சொல்லிடுவா. மாவுக்கட்டு பிரிக்கறதுக்குள்ள அவன் போனை எடுக்கறதையே நிறுத்திடுவான். பதிவேட்டுல "வீட்டில் விழுந்தார்"னு இருக்கும்போது குடோன்ல விழுந்தேன்னு நிரூபிக்கறது மலையைப் புரட்டற வேலை. அதனால எந்த இடம், மணி என்ன, தரையில என்ன இருந்துச்சு, யாரு சொன்ன வேலைக்குப் போனே, இந்த நாலையும் வலியோட வலியா சொல்லிடு. போலீஸ் கேஸ் ஆனா அவனுக்குத்தான் தொல்லை, உனக்கு என்ன வந்துச்சு? ஸ்டேஷன்ல புகார் கொடுத்தா, புகாரை வாங்கினதுக்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காம திரும்பாதே.

அடுத்தது போட்டோ. துடைக்கறதுக்கு முன்னாடி, கூட இருக்கறவங்களை விட்டு அந்தத் தரையை எடுக்கச் சொல்லு. பார்த்தவங்க ரெண்டு பேரோட நம்பரை வாங்கி வை. அன்னிக்குப் போட்டிருந்த செருப்பைத் தூக்கிப் போடாதே. தேஞ்ச செருப்புதான் காரணம்னு நாளைக்கு எதிர்த்தரப்பு சொல்லலாம். கேமரா பதிவு ரொம்ப நாள் தங்காது, மேல மேல பதிவாகி அழிஞ்சிடும். "இந்தத் தேதிப் பதிவை எடுத்து வையுங்க"ன்னு உடனே ஒரு கடிதம் எழுதி, ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீதைப் பத்திரமா வை. ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில் எல்லாத்தையும் போன்லயும் ஒரு படம் பிடிச்சுக்கோ.

இனி எந்தக் கதவைத் தட்டறதுன்னு பார்ப்போம். நீ எங்க விழுந்தியோ அதைப் பொறுத்துதான் இதெல்லாம்.

வேலை இடத்துல விழுந்திருந்தா, உனக்கு இ.எஸ்.ஐ. இருக்கான்னு முதல்ல பாரு. மாசச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருக்கறவங்களுக்கு அது உண்டு. வேலையில பட்ட காயத்துக்கு இத்தனை மாசம் பணம் கட்டியிருக்கணும்னு கணக்கே கிடையாது, சேர்ந்த முதல் நாளே விழுந்தாலும் செல்லும். மூணு நாளுக்குக் குறையாம வேலைக்குப் போக முடியலேன்னா, குணமாகிற வரைக்கும் சம்பளத்துல 90 சதவீதம் வரும். கம்பெனி விபத்து அறிக்கை கொடுத்துச்சான்னு விடாம கேளு. இ.எஸ்.ஐ. இருக்கறவங்க அதே காயத்துக்கு முதலாளிகிட்ட தனியா இழப்பீடு கேக்க முடியாது.

இ.எஸ்.ஐ. இல்லேன்னா ஊழியர் இழப்பீடு. 1923-லயே வந்த சட்டம் அது. 2025 நவம்பர் 21-லேர்ந்து புது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள போயிடுச்சு. ரெண்டு வருஷத்துக்குள்ள மனு போடணும். வைத்தியச் செலவையும் கேக்கலாம். "நீதான் பார்த்து நடக்கலே"ன்னு மேஸ்திரி கத்துவான். கத்தட்டும். சாதாரணக் கவனக்குறைவைக் காட்டி இந்த இழப்பீட்டை மறுக்க முடியாது. குடிச்சிருந்தாலோ, வேணும்னே பாதுகாப்பு விதியை மீறினாலோதான் சிக்கல். நீ காண்ட்ராக்ட் ஆளா இருந்தாலும், யாரோட வேலை நடக்குதோ அந்தப் பெரிய கம்பெனி மேலயே கேக்கலாம். அஞ்சாயிரத்தைக் கையில வெச்சு "இனி எதுவும் கேக்க மாட்டேன்"னு எழுதி வாங்குவாங்க. கையெழுத்துப் போடாதே. போட்டுட்டியா? அப்பவும் அழாதே, அப்படி உரிமையை எழுதிக் கொடுக்கறது சட்டப்படி செல்லாது.

ரயில்ல ஏறும்போதோ இறங்கும்போதோ விழுந்தா, ரயில்வே உரிமைக் கோரிக்கைத் தீர்ப்பாயம். ஒரு வருஷம்தான் கெடு. கேரளாவுல வர்க்கலா ஸ்டேஷன்ல ஓடுற வண்டியில ஏறப்போய் விழுந்து இறந்த பெண்ணோட வழக்குல, அதுவும் விபத்துதான், ரயில்வே கொடுத்துத்தான் ஆகணும்னு 2008-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. டிக்கெட்டையோ சீசன் பாஸையோ பத்திரமா வை. டிக்கெட் தொலைஞ்சாலே எல்லாம் போச்சுன்னு இல்ல, 2018-ல ரீனா தேவி வழக்குல அதுக்கும் தீர்ப்பு இருக்கு. ஆனா நீ விழுந்த இடத்துக்கான ரயில்வே போலீஸ்ல பதிவு இருக்கணும்.

பஸ் படியில வழுக்கினா மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம். ஆறு மாசக் கெடு, தள்ளிப் போடாதே.

கடையில, மால்ல, தனியார் ஆஸ்பத்திரியில ஈரத் தரையில விழுந்தா நுகர்வோர் ஆணையம். ரெண்டு வருஷம் டைம் உண்டு, வக்கீல் இல்லாமலே போகலாம். அங்க நீ காசு கொடுத்த வாடிக்கையாளர்னு காட்ட அங்க வாங்கின பில் வேணும்.

தெருவுல, மூடாத வடிகால்ல விழறதுதான் இருக்கறதுலயே கஷ்டமான கேஸ். 2022 அக்டோபர்ல ஜாபர்கான்பேட்டையில மழைநீர் வடிகால் பள்ளத்துல விழுந்து ஒரு இளம் பத்திரிகையாளரோட உயிரே போச்சு. மாநகராட்சி, குடிநீர் வாரியம், மின்வாரியம்னு ஆளுக்கொரு பக்கம் தோண்டுவாங்க, கேட்டா ஒருத்தர் மேல ஒருத்தர் கை காட்டுவாங்க. அதனால யாரோட பள்ளம்னு எழுதின போர்டு இருந்தா அதையும் சேர்த்துப் படம் எடு. மாநகராட்சியோட 1913-க்குப் போன் பண்ணி புகார் எண் வாங்கு. நீ விழறதுக்கு முன்னாடியே யாராவது புகார் பண்ணியிருந்தா அந்த எண்ணையும் தேடிப் பிடி. தெரிஞ்சும் மூடாம விட்டாங்கன்னு காட்ட அதை விட நல்ல சாட்சி கிடையாது.

வக்கீலுக்குக் காசு இல்லையேன்னு உக்காந்துடாதே. பெண்களுக்கு வருமானக் கணக்கே பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு, தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும்தான். 15100-க்குப் போன் பண்ணு, இல்லேன்னா ஏ.ஆர். காப்பியை எடுத்துக்கிட்டு ஐகோர்ட் வளாகத்துல இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரா போ.